பிஸ்டன் 'சீஸ்' ஆவதற்குத் தமிழ்: பற்றலா, இறுகலா, பிடிப்பா?

பயிற்றுநர், தூத்துக்குடி:
அன்புள்ள குழுவினருக்கு, நீர் ஸ்கூட்டர் பழுதுபார்ப்புப் பாடக் குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் நிற்கிறேன். டூ ஸ்ட்ரோக் என்ஜினில் எண்ணெய் குறைந்தாலோ, உப்பும் மணலும் அடைத்துக் குளிர்விக்கும் நீர் ஓடாமல் போனாலோ, பிஸ்டன் சூட்டில் விரிந்து சிலிண்டர் சுவரோடு ஒட்டி நின்றுவிடும். பட்டறையில் 'சீஸ் (seize) ஆகிவிட்டது' என்பார்கள். அப்படியே எழுதினால் மாணவர்களுக்குப் பாலாடைக்கட்டிதான் நினைவுக்கு வருகிறது. நேற்று அப்படி நின்ற ஒரு பிஸ்டனை மேசைமேல் வைத்துக் காட்டினேன். புகை வெளியேறும் துளைப் பக்கம் மேலிருந்து கீழாக ஆழமான கீறல்கள். சிலிண்டர் சுவரில் அலுமினியம் அப்பியிருந்தது. இதற்கு ஒரு பெயர் தாருங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்:
'பற்றல்'. ஒட்டி விடாமல் நிற்பதற்கு இதைவிடப் பொருத்தமான வேர் தமிழில் இல்லை. குறள் 350இல் மட்டும் ஆறு முறை வருகிறது. பற்றுக்கோடு, பற்று வரவு எல்லாம் இதன் கிளைகள். அடுக்களையில் 'பத்துப் பாத்திரம்' என்கிறோமே, சோறு பற்றிய 'பற்றுப் பாத்திரம்'தான் அது. சுவரில் உலோகம் அப்பியிருந்தது என்கிறீர்கள், அதுவும் பற்றுதானே?

மெக்கானிக், ராமேசுவரம்:
ஐயா, பெட்ரோல் புழங்கும் இடத்தில் 'என்ஜின் பற்றிக்கொண்டது' என்றால் பையன்கள் தீயணைக்க மணல் வாளியோடு ஓடுவார்கள். நாங்கள் 'பிஸ்டன் பிடித்துவிட்டது' என்போம்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:
பிடிப்பு என்றால் இடுப்பும் கழுத்தும்தான் நினைவுக்கு வரும். 'இறுகல்' என்றால் தெளிவு.

தமிழாசிரியர்:
அம்மா, இறுகு தன்வினை, இறுக்கு பிறவினை. உருகு, உருக்கு போல. இலக்கணம் சரி. ஆனால் சொல்லில் உயிர் இல்லை.

பயிற்றுநர்:
எனக்குச் சிக்கல் வேறு. அதே பக்கத்தில் 'போல்ட்டை இறுக்கு' என்று நான்கு இடத்தில் வருகிறது. ஒரு ககர ஒற்றை நம்பி மாணவனை என்ஜினிடம் அனுப்ப எனக்கு மனமில்லை.

மெக்கானிக்:
இறுகியது என்றால் எங்களுக்குத் துருவேறிய நட்டு. பிஸ்டன் அப்படியல்ல. சூடு ஆறியதும் சில நேரம் தானே விட்டுக்கொடுக்கும். சரியாகிவிட்டது என்று நம்பி மறுபடி கடலுக்குள் போவார்கள்; கரையிலிருந்து தொலைவில் நின்றுவிடும். பிடிப்பு விடும், இறுகல் விடாது. பெயர் எதுவானாலும் இவற்றைச் சேர்த்துவிடுங்கள் தம்பி: பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றும் பழைய வண்டிக்கு 50:1 என்று மட்டும் போடாமல் 'லிட்டருக்கு 20 மில்லி' என்று எழுதுங்கள். குளிர்விக்கும் நீர்ப் பாதையை நன்னீரில் அலசும்போது முதலில் என்ஜினை ஓட்டிவிட்டுத்தான் குழாயைத் திறக்க வேண்டும். முடிக்கும்போது குழாயை மூடிய பிறகே என்ஜினை நிறுத்த வேண்டும். மாற்றிச் செய்தால் தண்ணீர் சிலிண்டருக்குள் ஏறிவிடும்.

பயிற்றுநர்:
இரண்டையும் சேர்த்துவிட்டேன். நேரம் இல்லாததால் 'பிஸ்டன் பிடிப்பு' என்றே அச்சுக்குத் தருகிறேன். ஐயாவும் அம்மாவும் பொறுத்தருள வேண்டும்.

தமிழாசிரியர்:
அச்சிடுங்கள். ஆனால் பிடிப்பு விட்ட பிறகும் அந்தச் சுவரில் அலுமினியம் இருக்கிறதே, அதை எந்தப் பெயரால் எழுதப் போகிறீர்கள்? அதற்காவது 'பற்று' என்று போடுங்கள்.