எஸ்டீம் பானட்ல வென்ட் வெட்டணும்: கண்ணாடிப் பக்கமா, கிரில் பக்கமா?

நாலாம்கியர் கேட்டது:

வணக்கம் மக்களே. வண்டி மாருதி எஸ்டீம், 16 வால்வு ஜி13பிபி எஞ்சின், கம்பெனி ரேடியேட்டர். ரோட்டுல ஓட்டுறதில்ல, டிராக் டேக்கு மட்டும். அதுவும் டிரெய்லர்ல ஏத்தித்தான் போகும். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குல முதல் 5 சுற்று கூலன்ட் 96, 98 டிகிரின்னு நிக்குது. 6வது சுற்றுல ஏற ஆரம்பிச்சு 8வது முடியறப்ப 110. ஒரு சுற்று மெதுவா விட்டா திரும்ப 98க்கு வந்துடும். தனி சென்சார், தனி மீட்டர் வெச்சுப் பார்த்த கணக்கு இது, டேஷ்போர்டு முள் இல்ல.

ஃபேன் ஓடுது. தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி ரெண்டும் புதுசு. ஹெட் கேஸ்கெட் டெஸ்ட் பண்ணியாச்சு, லீக் இல்ல.

சூடு மேல நோக்கித்தானே போகும்னு, விண்ட்ஷீல்டுக்கு ஒரு சாண் முன்னாடி பானட்ல ரெண்டு வென்ட் (சூடு வெளியேற ஓட்டை) வெட்டலாம்னு யோசனை. ஆன்லைன்ல 300 x 120 மி.மீ. அலுமினிய லூவர் (சாய்ஞ்ச பட்டைங்க வெச்ச ஜாலி) ஜோடியா கிடைக்குது. இடம் சரியா? வெட்டும்போது எதைத் தொடக்கூடாது?

காற்றுக்கணக்கு:

இடம் தப்பு. சூடு மேல போறதெல்லாம் வண்டி நிக்கும்போதுதான். 100ல ஓடும்போது காற்று எந்தப் பக்கம் போகும்னு அழுத்தம்தான் முடிவு பண்ணும். பானட் மேல வர்ற காற்று விண்ட்ஷீல்டு அடியில முட்டுது, அதனால அங்க அழுத்தம் அதிகம். கேபினுக்குக் காற்று எடுக்கிற ஜாலியைக் கம்பெனிக்காரன் அங்க வைக்கிறதே அதுக்குத்தான். அந்த இடத்துல ஓட்டை போட்டா சூடு வெளியே வராது, காற்றுதான் உள்ளே இறங்கும். ரேடியேட்டருக்குப் பின்னாடி அழுத்தம் கூடி, கிரில் வழியா வர்றதும் குறைஞ்சிடும்.

வெட்ட வேண்டியது பானட்டோட முன் மூணுல ஒரு பாகத்துல. கிரில் விளிம்பைத் தாண்டிக் காற்று வளைஞ்சு ஏறுற இடத்துல உறிஞ்சல் இருக்கும். உங்க எஞ்சின்ல எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் (சூடான புகை வெளியேறுற குழாய்த் தொகுப்பு) ரேடியேட்டர் பக்கமே இருக்கு. அதிக சூடும் குறைஞ்ச அழுத்தமும் ஒரே இடத்துல அமையறது எல்லா வண்டிக்கும் கிடைக்காத வசதி.

அதுக்காக என் பேச்சை நம்பிக் கிரைண்டரை எடுத்துடாதீங்க, முதல்ல அளந்து பாருங்க. மீன் தொட்டிக்குப் போடுற 4 மி.மீ. டியூபை வாங்கி, ஒரு பலகையில ‘ப’வைத் தலைகீழா கவுத்த மாதிரி இல்லாம நிமிர்ந்த ‘ப’ வடிவத்துலயே ஒட்டி, பாதிக்கு இங்க் கலந்த தண்ணி ஊத்துங்க. ஒரு முனை ரேடியேட்டருக்குப் பின்னாடி, ஃபேன் காற்று நேரா அடிக்காத இடத்துல. இன்னொரு முனை பானட் மேல, நீங்க வெட்ட நினைக்கிற புள்ளியில. மேல் முனையோட வாய் எதிர்காற்றைப் பார்த்தா அளவு பொய்யாகிடும். அதனால அதை எம்-சீல் வெச்சு அடைச்சு, டியூபோட முதுகுல 1.5 மி.மீ. ஓட்டை ஒண்ணே ஒண்ணு போடுங்க. டியூபை வண்டி போற வாக்குல படுக்க வெச்சு டேப் ஒட்டுங்க.

80 கி.மீ. வேகத்துல காற்றோட மொத்தத் தள்ளலே சுமார் 300 பாஸ்கல், அதாவது தண்ணியில 30 மி.மீ.தான். நீங்க பார்க்கப் போறது அதுல ஒரு பங்கு. நிமிர்த்தி வெச்சா சரியா படிக்கிறது கஷ்டம். பலகையை 5க்கு 1 சரிவுல படுக்க வெச்சா 1 மி.மீ. வித்தியாசம் 5 மி.மீ.யா தெரியும். எஞ்சின் பக்கத்து மட்டம் இறங்கினா அங்க காற்று வெளியேறும். ஏறினா உள்ளே வரும். 10 செ.மீ.க்கு ஒரு புள்ளி வெச்சு ஒரே வேகத்துல, ஒரே திசையில பாருங்க. அளவைப் பக்கத்து சீட்காரர் படிக்கட்டும், டிரைவர் ரோட்டைப் பார்க்கட்டும்.

மஞ்சள்பிளேட்:

வெட்டவே வேணாம் ப்ரோ. ஹின்ஞ்ச் போல்ட் அடியில ஆளுக்கு மூணு வாஷர் போட்டுப் பின்பக்கம் பானட்டைத் தூக்கிவிடுங்க. பத்து ரூபாய் வேலை. சிக்னல்ல நிக்கும்போது சூடு எப்படிக் கிளம்புது பாருங்க.

காற்றுக்கணக்கு:

சிக்னல்ல கிளம்பும், அதை மறுக்கல. இவர் வண்டி சூடாகறது ஃபுல் த்ராட்டில்ல, அதாவது ஆக்சிலரேட்டரை முழுசா அமுக்கி ஓட்டும்போது. வாஷர் போட்டுத் திறக்கிற இடுக்கும் அதே விண்ட்ஷீல்டு அடிதான், வேகத்துல காற்று அது வழியா உள்ளே வரும். இன்னொரு ஆபத்தும் இருக்கு. மேனிஃபோல்டு கேஸ்கெட் லேசா கசிஞ்சா, நிக்கும்போது அந்தப் புகை நேரா கேபின் ஜாலிக்குள்ள போகும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

பட்டறைக்கணேசு:

வெட்டறதுக்கு முன்னாடி ஒரு வேலை பாக்கி இருக்கு தம்பி. ரேடியேட்டரைச் சுத்தி எவ்வளவு சந்து இருக்குன்னு பாருங்க. ரெண்டு பக்கமும் விரல் நுழையும், மேல கையே நுழையும். வழி கிடைச்ச பக்கம் காற்று போயிடும். ரேடியேட்டரோட மெல்லிய தகட்டு இதழ்களுக்கு (ஃபின்) நடுவுல கஷ்டப்பட்டு ஏன் நுழையணும்? பக்கச் சந்துக்கு 1 மி.மீ. அலுமினியத் தகடு, மேல 12 மி.மீ. ஈவிஏ ஃபோம் பட்டை. பம்பர் அடியில இருக்கிற பிளாஸ்டிக் தட்டைக் கழட்டிப் போட்டிருந்தா திரும்ப மாட்டுங்க. அது இல்லன்னா அடியிலிருந்து வர்ற காற்று எஞ்சின் ரூமை ரொப்பிடும். இதை மட்டும் பண்ணி 8 சுற்று ஓட்டிக் குறிச்சுக்கங்க. ரெண்டையும் ஒண்ணா பண்ணினா எதனால குறைஞ்சதுன்னு கடைசி வரைக்கும் தெரியாது.

அப்புறமும் வெட்டணும்னா, கம்பெனி பானட்டைத் தொடாதீங்க. பழைய இரும்புக் கடையில இன்னொண்ணு வாங்கிக்கங்க.

பானட்ங்கறது ரெண்டு தோல். மேல் தகரம் 0.7 மி.மீ. சுமார் இருக்கும், அடியில ரிப் வெச்ச உள் ஃப்ரேம், நடுவுல பசை. லாக்கிலிருந்து ரெண்டு ஹின்ஞ்சுக்கும் போற ரிப்தான் அதுக்கு முதுகெலும்பு. அதை அறுத்தா 120ல பானட் படபடன்னு அடிக்கும். உள் ஃப்ரேம்ல குறுக்கே பள்ளமா அமுக்கி விட்டிருப்பாங்க. மோதினா அந்த இடத்துல மடிஞ்சு நிக்கணும், பானட் அப்படியே கண்ணாடியை உடைச்சுக்கிட்டு உள்ளே வரக்கூடாதுன்னு வெச்சது. அதையும் விட்டுடுங்க. ரிப்புக்கு நடுவுல வர்ற காலி இடம்தான் உங்களுக்கு. 300 x 120 அடங்கலன்னா சின்ன லூவரா வாங்குங்க, ரிப்பை வெட்டி அடக்காதீங்க.

பானட்டை வண்டியிலிருந்து இறக்கிட்டு வெட்டுங்க. ஹின்ஞ்சைச் சுத்தி மார்க்கர்ல கோடு போட்டுட்டு ரெண்டு பேரா இறக்கணும். வண்டி மேலயே கிரைண்டர் ஓட்டினா பொறி கண்ணாடியில ஒட்டிக்கும், தேய்ச்சாலும் போகாது. அட்டையில டெம்ப்ளேட் வெட்டி, மாஸ்கிங் டேப் மேல வரைஞ்சுக்கங்க. வெட்டு அளவு லூவரை விட நாலு பக்கமும் 15 மி.மீ. உள்ளே இருக்கணும், அந்த 15லதான் ரிவெட் உட்காரும். நாலு மூலையிலும் முதல்ல 10 மி.மீ. ஓட்டை. மூலை கூரா இருந்தா அதிர்வுல அங்கிருந்து விரிசல் ஓடும். நேர்க்கோட்டுக்கு ஜிக்சாவுல மெல்லிய தகரத்துக்கான நெருக்கப் பல் பிளேடு போதும். கிரைண்டர்னா 1 மி.மீ. டிஸ்க், விரல் நீளம் வெட்டி நிறுத்தி, எதிர்ப் பக்கம் போய் வெட்டுங்க. ஒரே இழுப்புல இழுத்தா தகரம் சூடாகி அலை அலையா எழும்பிடும், அப்புறம் பட்டி பூசித்தான் மறைக்கணும்.

பிசிறை அரத்துல எடுத்து, வெட்டு வாயில எபாக்ஸி பிரைமர் ரெண்டு கோட். இரும்புத் தூளை அன்னைக்கே ஊதித் துடைக்கணும், விட்டா காலையில பெயின்ட் பூரா துருப் புள்ளி. லூவருக்கும் தகரத்துக்கும் நடுவுல சீலன்ட் கட்டாயம். அலுமினியமும் இரும்பும் நேரா தொட்டா தண்ணி பட்டதும் அரிக்கும். பாப் ரிவெட்டை விட எம்5 ரிவ்நட் (தகர ஓட்டைக்குள்ள இறுகி நிக்கிற நட்) போட்டு போல்ட்ல மாட்டினா தேவைப்படறப்ப கழட்டலாம். 50 மி.மீ.க்கு ஒண்ணு.

லூவரோட திறந்த வாய் கண்ணாடியைப் பார்க்கணும். சிரிக்காதீங்க, திருப்பி மாட்டறவங்க நிறைய.

காற்றுக்கணக்கு:

கணேசண்ணன் சொன்னதோட ஒண்ணு. திறப்புக்கு முன் விளிம்புல 12 முதல் 15 மி.மீ. உயரத்துல ஒரு எல் பட்டையைக் குறுக்கே நிறுத்துங்க. அதைத் தாண்டற காற்றுக்குப் பின்னாடி அழுத்தம் இன்னும் இறங்கும், வெறும் ஓட்டையை விட அதிகமா இழுக்கும். பட்டை வெக்கறதுக்கு முன்னாடியும் வெச்சதுக்கப்புறமும் அளந்து பாருங்க.

நாலாம்கியர்:

நன்றி அண்ணா, நன்றி காற்றுக்கணக்கு. சந்து அடைக்கிறதுல இருந்து தொடங்கறேன். ரெண்டு சந்தேகம். மழையில தண்ணி நேரா மேனிஃபோல்டு மேல விழுமே? 110ங்கறது ஆபத்தா, இல்ல நான் சும்மா பயப்படறேனா?

பட்டறைக்கணேசு:

ஓடும்போது பெரும்பாலும் உள்ளிருந்து வர்ற காற்றே தண்ணியைத் தள்ளிடும். நிறுத்தி வெக்கும்போதுதான் பிரச்சினை. மேனிஃபோல்டுல விழறது ஆவியாயிடும். இக்னிஷன் கனெக்டர், ஆல்டர்னேட்டர், ஃபில்டர் வாய் இதுங்க மேல சொட்டக்கூடாது. ரிவ்நட் போடச் சொன்னதே அதுக்குத்தான். அதே அளவுல ஒரு தகடு வெட்டி வெச்சுக்கங்க. டிரெய்லர்ல ஏத்தறப்ப லூவரைக் கழட்டிட்டு அதை மாட்டிடுங்க.

காற்றுக்கணக்கு:

ரேடியேட்டர் மூடி 0.9 பார் அழுத்தம் பிடிக்கிறதுன்னா வெறும் தண்ணியே 119 டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கும், அதனால 110ல உடனே பொங்காது. ஆனா சென்சார் காட்டறது ஓடற தண்ணியோட சராசரி. எக்ஸாஸ்ட் வால்வைச் சுத்தி அதை விடச் சூடு, அங்க ஆவிக்குமிழி கட்டினா அந்த இடம் தண்ணி படாம வேகும். 105 தாண்டினா த்ராட்டிலை விடுங்க. தெர்மோஸ்டாட்டைக் கழட்டிடலாம்னு யாராவது சொன்னா கேட்காதீங்க.

போட்டிக்கு இறக்கற எண்ணம் இருந்தா, உங்க கிளாஸ்ல பானட்டை வெட்ட அனுமதி உண்டான்னு எஃப்எம்எஸ்சிஐ (இந்தியாவுல மோட்டார் பந்தயத்துக்கான தலைமை அமைப்பு) விதிகளைப் பார்த்துட்டு ஜிக்சாவை எடுங்க. சந்து அடைச்சதுக்கப்புறம் வர்ற 8 சுற்றுக் கணக்கை இங்கயே போடுங்க.