பழைய காருக்கு ஸ்டெபிலைசர் லிங்க்கைப் பட்டறையிலேயே செய்வது: அளவும் பிசகும்

மன்னார்குடி கேரேஜ்:
ஸ்டெபிலைசர் பார்னா வளைவுல வண்டி ரொம்பச் சாயாமப் பிடிக்கிற முறுக்குக் கம்பி. அதோட முனையை, சக்கரத்தைத் தாங்குற லோயர் ஆர்மோட இணைக்கிற சின்னத் தண்டுதான் லிங்க். லேத்துக்குப் போகுமுன் சத்தம் லிங்க்கிலிருந்துதான் வருதான்னு பார்த்துடுங்க. வாய்க்கால் மதகு மேட்டுல ரெண்டு முன்சக்கரமும் ஒண்ணா ஏறி இறங்கும்போது ஸ்டெபிலைசர் பார் முறுக்காது, லிங்க்குக்குப் பெரிசா வேலை இல்லை. அங்க மட்டும் 'டொக்'குன்னா ஷாக் அப்சார்பர் மேல் மவுண்ட்டைப் பாருங்க. அறுப்பு நேரத்துல பாதி ரோட்டுல நெல் காயும், ஒரு பக்கச் சக்கரத்தை மண்ணுல இறக்கித்தானே ஓட்டணும்? அப்ப கடகடன்னு அடிச்சா சந்தேகம் லிங்க் மேல. இன்னும் தெளிவா வேணும்னா ரெண்டு லிங்க்கையும் கழட்டிட்டு, பார் முனை எதுலயும் இடிக்காம கட்டிவிட்டு, தெருவுக்குள்ள மெதுவா ஓட்டிப் பாருங்க. வளைவுல வண்டி கூடச் சாயும், பைபாஸ் பக்கம் வேணாம்.

வீட்டு வேலை இந்த லிங்க்கோட நிக்கணும். இதுக்கு இழுவையும் அழுத்தமும்தான் வரும். உடைஞ்சா சாய்வு கூடும், சத்தம் வரும், ஸ்டீயரிங் கையில இருக்கும். லோயர் ஆர்ம், டை ராடு (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோட இணைக்கிறது), ரேடியஸ் ராடு (ஆர்ம் முன்னே பின்னே போகாமப் பிடிக்கிறது) இதையெல்லாம் பட்டறையில செய்யற பேச்சே வேணாம்.

சுலபமானது நீள போல்ட் வகை: ஒரு போல்ட், நடுவுல ஒரு குழாய், நாலு புஷ் (ரப்பர் வளையம்), நாலு கப் வாஷர் (குழிவான வாஷர்), ஒரு நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் இருக்கிற, தானா கழலாத நட்). இதுல எல்லாரும் தப்பு விடற இடம் அளவெடுக்கறது. ஜாக்கியில தூக்கி சக்கரம் தொங்கும்போது அளக்கக் கூடாது. நாலு சக்கரமும் தரையில நிக்கணும், சர்வீஸ் பள்ளமோ சாய்வுப் பலகையோ இருந்தா நல்லது. பார் கண்ணுக்கும் (போல்ட் போற ஓட்டை உள்ள முனை) லோயர் ஆர்ம் தகட்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியை அந்த நிலையில எடுங்க.

ஒரு கணக்கு: இடைவெளி 88 மிமீ. புஷ் சும்மா இருக்கும்போது 15 மிமீ, இறுக்கினா 12. வாஷர் 2 மிமீ. அப்ப குழாய் நீளம் 88 − 24 − 4 = 60 மிமீ. போல்ட்டுக்குக் கண்ணோட தடிமன் 10, தகடு 6, இடைவெளி 88, வெளி புஷ் ரெண்டுக்கு 24, வெளி வாஷர் ரெண்டுக்கு 4, ஆக 132. நட்டுக்கு 10, மீதி 8 வெளியே நீட்டிக்கிட்டு நிக்கும். எம்10 (10 மிமீ தடிமன்), 150 மிமீ போல்ட் சரியா உக்காரும். உங்க வண்டிக்கு அளவு வேற வரும், கணக்கு இதேதான்.

மாயவரம் லேத்:
அண்ணன் சொன்ன 150-ல ஒரு வசதி இருக்கு. பாதி மரை போட்ட எம்10 போல்ட்டுல அந்த நீளத்துக்கு மரை 32 மிமீதான் இருக்கும். நீட்டம் 8, நட் 10, வாஷர் 2, புஷ் 12, கூட்டினா 32. மரை வெளி புஷ்ஷோட முடிஞ்சுடும், கண்ணுக்குள்ள வழுவழுப்பான தண்டுதான் நிக்கும். முழு மரை போட்ட போல்ட்டோ, மீட்டர் கணக்குல விக்கிற மரைக்கம்பியோ போட்டா கண்ணோட ஓரம் மரைப் பள்ளத்துலயே தேய்க்கும். விரிசல் அங்கதான் பிறக்கும். தலையில 8.8 (பலத்தோட தரம்) பொறிச்ச போல்ட்டா வாங்குங்க.

வீடு கட்டுற கம்பி சும்மா கிடக்குதுன்னு டிஎம்டியைக் கொண்டாந்து மரை வெட்டச் சொல்றாங்க. வேணாம். அதுல பலமான பாகம் வெளித்தோலுதான். மரை வெட்டினா அந்தத் தோலே போயிடுது. தனியா தண்டு கடையணும்னா இஎன்8 (கார்பன் கூடின எஃகு) பிரைட் பார், அதாவது மேல வழுவழுப்பான கம்பி. அதையே வெல்டிங் வைக்கணும்னா முன்சூடு கொடுக்காம வைக்காதீங்க, கார்பன் அதிகம், ஓரத்துல நொறுங்கும். கண்ணு வெல்டிங் பண்ற மாதிரி லிங்க்னா சாதா எம்எஸ் (மென் எஃகு) பாரே போதும், 7018 வெல்டிங் ராடைக் காய வெச்சு ஓட்டுங்க. 8.8 போல்ட்டு மேல வெல்டிங் வைக்கிறது தப்பிலேயே பெரிய தப்பு. கொடுத்த பதம் அந்தச் சூட்டுல போயிடும்.

குழாய்க்கு 16 மிமீ பிரைட் பார்ல 10.5 ஓட்டை போட்டா போதும். அரை இஞ்சு தண்ணிக் குழாயை வெட்டிப் போடறாங்க. உள்ளே ரொம்ப லூசு, போல்ட் ஒரு பக்கம் சாஞ்சு நிக்கும். ரெண்டு முனையும் லேத்துல முகம் வெட்டி நேரா இருக்கணும். ஹாக்ஸாவுல அறுத்த முனை கோணலா இருந்தா வாஷர் சாயும், போல்ட் வளையும். இடது வலது ரெண்டையும் ஒரே செட்டிங்ல கடைஞ்சு வாங்குங்க, வித்தியாசம் அரை மிமீக்குள்ள. ஒண்ணு நீளமா போனா வண்டி சும்மா நிக்கும்போதே பார் முறுக்கிக்கிட்டு இருக்கும். ஒரு செட்டுக்குப் பதிலா ரெண்டு செட்டா கேளுங்க, கூலி அதிகம் ஏறாது.

கும்பகோணம்:
நல்லா ஓடுறதும் சீக்கிரம் கெடுறதும் ரப்பரில்தான் இருக்கிறது. லாரி டயர் வெட்டிய துண்டு வேண்டாம். உள்ளே இருக்கும் நூல் அடுக்கு அதைப் பிதுங்க விடாது, கம்பி டயராக இருந்தால் கம்பியே போல்ட்டை அறுக்கும். தட்டையாக வெட்டிய புஷ்ஷிலும் குறை உண்டு. புஷ்ஷின் ஒரு முகத்தில் சின்னக் கழுத்து இருந்து, அது கண் ஓட்டைக்குள் நுழைந்து போல்ட்டை நடுவில் பிடிக்க வேண்டும். கழுத்து இல்லாவிட்டால் போல்ட் கண்ணின் இரும்பில் முட்டும், புது லிங்க்கிலும் பழைய சத்தமே வரும்.

பாலியூரித்தேன் (ரப்பர் போன்ற பிளாஸ்டிக்) உருளை கிடைத்தால் கழுத்தோடு கடையலாம். கடினம் 80 ஷோர் ஏ (ரப்பர் கடினத்தின் அளவு) போதும். கூரான டூல், குறைந்த வெட்டு. ஃப்ரிட்ஜில் வைத்து விறைக்க விட்டுக் கடைந்தால் முகம் சுத்தமாக வரும். மாட்டும்போது சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள், இல்லாவிட்டால் கிறீச்சிடும். சாதா ரப்பர் என்றால் பெட்ரோலிய கிரீஸ் படக்கூடாது, ஊதிவிடும்.

திருவாரூர்:
நைலான் புஷ் போட்டா தேயவே தேயாதுங்கறாங்களே?

மன்னார்குடி கேரேஜ்:
தேயாது தம்பி, அதுக்குப் பதிலா போல்ட் முறியும். சக்கரம் ஏறி இறங்கும்போது லிங்க் கொஞ்சம் சாயணும். ரப்பர் அதுக்கு வளைஞ்சு கொடுக்கும், நைலான் கொடுக்காது. அந்த வளைவு அத்தனையும் போல்ட் தலைக்குக் கீழ போய் உக்காரும்.

இறுக்கறதும் இப்படித்தான். ரப்பர் புஷ்ஷுல டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளக்கிற ஸ்பேனர்) கணக்கை விட கண்ணால பார்க்கிற கணக்குதான் பேசும். புஷ் பிதுங்கி வாஷர் விளிம்புக்கு வந்ததும் நிறுத்திடுங்க. அதையும் தாண்டி வாஷர் குடை மாதிரி மடங்குற வரைக்கும் இறுக்கினா ரப்பர் சில மாசத்துல வெடிக்கும். கப் வாஷரோட குழிவுப் பக்கம் ரப்பரைப் பார்த்து. கழட்டின நைலாக்கை மறுபடி போடாதீங்க.

நாகப்பட்டினம்:
உப்புக்காத்து ஊர்ல ஒரு வேலை கூடுதல். குழாய்க்கும் போல்ட்டுக்கும் நடுவுல கிரீஸ் நிரப்பித்தான் மாட்டணும், ரப்பர்ல படாம. இல்லேன்னா ரெண்டும் துருவுல ஒட்டிக்கிட்டு அடுத்த தடவை ஹாக்ஸாவுலதான் வெட்டி எடுக்கணும்.

பால் ஜாயின்ட் வகை (முனையில குண்டு மூட்டு இருக்கிற) லிங்க்குக்குப் பதிலா ராடு எண்ட் (உள்ளே குண்டு சுழலுற, மரை போட்ட கண்ணு முனை) போடறவங்க ஐப்பசி கார்த்திகையை மனசுல வெச்சுக்குங்க. ரப்பர் உறை இல்லாத ராடு எண்ட்டுல சேறும் தண்ணியும் புகுந்தா ஒரு மழைக்காலத்துலயே ஆட்டம் வந்துடும். நன்மையும் இருக்கு: ஒரு முனை வலது மரை, மறுமுனை இடது மரைன்னா வண்டியில மாட்டினபடியே நீளத்தைச் சரி பண்ணலாம். மரை குறைஞ்சது 15 மிமீ உள்ளே போயிருக்கணும், லாக் நட் கட்டாயம். வெளிப்பக்கம் ராடு எண்ட் உடலை விடப் பெரிய வாஷர் ஒண்ணு போடுங்க. உள்குண்டு கழண்டாலும் லிங்க் கீழ விழாது.

மாட்டினப்புறம் ரெண்டு முன்சக்கரமும் தொங்குற மாதிரி தூக்கி, ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் ஒடிச்சுப் பாருங்க. டயர், டிரைவ் ஷாஃப்ட் உறை, பிரேக் ஹோஸ் மூணுலயும் லிங்க் படக்கூடாது. நம்ம ஊர்க் களிமண்ணுல ஜாக்கி மெதுவா இறங்கும். அடியில பலகை, வண்டிக்கு ஸ்டாண்ட், ரெண்டும் இல்லாம கீழ படுக்காதீங்க.

திருத்துறைப்பூண்டி:
மாருதி 800-க்கு இதே மாதிரி செய்யலாமா சார்? பார் முனையில புஷ் போயிருக்கு.

மாயவரம் லேத்:
அதுல தனி லிங்க்கே கிடையாது. பார் முனை நேரா லோயர் ஆர்முக்குள்ள போயி, ஆர்ம் முன்னே பின்னே போகாமப் பிடிச்சு வைக்கிறதும் அந்தப் பார்தான். பிரேக் அடிக்கிற பாரமும் அந்த புஷ்ஷுலதான் வரும். கடையிலேர்ந்து புது புஷ் வாங்கிப் போட்டு, நட்டுல காட்டர் பின் (நட் கழலாம குறுக்கே போடற கம்பி) இருக்கான்னு பார்த்துக்குங்க.