நெற்றியில் எண்ணெய், கன்னத்தில் வறட்சி: எவ்வகைச் சருமம்?

கேள்வி (காரைக்குடி): மதியத்திற்குள் நெற்றியும் மூக்கும் எண்ணெய் வழிகின்றன, கன்னங்களோ காய்ந்து இழுக்கின்றன. கடலைமாவில் எலுமிச்சைச் சாறு கலந்து தேய்த்தால் எரிகிறது. எனக்கு எவ்வகைச் சருமம்?

பதில் 1: மென்மையான முகக்கழுவியால் கழுவி, எதையும் பூசாமல் ஒரு மணி நேரம் வளவு நிழலில் இருந்தபின், மெல்லிய தாளை நெற்றியிலும் கன்னத்திலும் தனித்தனியே ஒற்றிப் பாருங்கள், நெற்றித் தாளில் மட்டும் எண்ணெய்க்கறை படிந்தால் அது கலவைச் சருமம். எலுமிச்சையை உடனே நிறுத்துங்கள்: சருமத்தின் பிஎச் அளவு (அமிலத்தன்மையைக் காட்டும் எண், குறையக் குறைய அமிலம் அதிகம்) ஏறத்தாழ 5, எலுமிச்சைச் சாற்றினுடையது ஏறத்தாழ 2; அதோடு வெயிலில் போனால் கொப்புளமும் வரலாம்.

பதில் 2: எங்கள் அப்பத்தா பயத்தமாவுதான் தேய்ப்பார்கள், ஆனால் அவர்கள் சருமம் வேறு. கன்னத்திற்கு மாய்ஸ்சரைசரும், வெளியே கிளம்புமுன் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீனும் போதும்.

கேட்டவர்: ஒற்றிப் பார்த்தேன், நெற்றித் தாள் பணியாரம் வைத்த காகிதம் போலாயிற்று, கன்னத்துத் தாளில் ஒன்றுமில்லை.