பேட்ச்ரைட்டிங்: ‘ஒட்டெழுத்து’க்கு மாற்றாகச் ‘சொன்மாற்றுரை’

அன்புடைய குழுவினர்க்கு, வணக்கம்.

ஆய்வேட்டு எழுத்துப் பயிற்சிக்கான சொற்பட்டியலில் பேட்ச்ரைட்டிங் (patchwriting: மூலத்தின் சொற்களை ஆங்காங்கே மாற்றி, அதன் அமைப்பை ஒட்டியே எழுதுவது) என்பதற்கு ‘எழுத்துத்திருட்டு’, ‘ஒட்டெழுத்து’ என இரு பரிந்துரைகள் வந்துள்ளன. முன்னதை விலக்கிவிடலாம், பிறர் எழுத்தைத் தமதாகக் காட்டும் பிளேஜியரிசத்துக்கு அது ஏற்கெனவே வழங்குகிறது. மேலும், 1990-களின் தொடக்கத்தில் இச்சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த அமெரிக்கப் பேராசிரியர் ரெபெக்கா மூர் ஹோவர்ட், மூலத்தின் சில சொற்களை நீக்கியும் தொடரமைப்பைச் சற்றே திருத்தியும் சொல்லுக்குச் சொல் நிகர்ச்சொல் இட்டும் மாணவர் எழுதுவதை வெறும் ஏமாற்றாகக் கொள்ளாமல், புதிய துறையின் மொழியைப் பழகும் ஒரு நிலையாகவும் கண்டார். அதற்குத் ‘திருட்டு’ என்று பெயரிட்டால் அவர் பிரித்துக் காட்டியதை நாம் மீண்டும் ஒன்றாக்கியவர்கள் ஆவோம்.

‘ஒட்டெழுத்து’ சுருக்கமானதுதான். ஆனால், கூட்டெழுத்தோடு குழம்பும் என்பது ஒருபுறமிருக்க, பல இடங்களில் வெட்டி ஒட்டியது என்றே படிப்பவர் பொருள் கொள்வர். நிகழ்வதோ வேறு. மூலம் இது எனக் கொள்வோம்: “1856-இல் கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவந்தபின், தென்னிந்திய மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை என்ற கருத்து வலுவிழந்தது.” மாணவர் எழுதுகிறார்: “1856-ஆம் ஆண்டு கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் அச்சானபின், தென்னாட்டு மொழிகள் வடமொழியிலிருந்து தோன்றியவை என்ற எண்ணம் பலமிழந்தது.” சொற்கள் மாறின, வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே நிற்கிறது. மூலத்தை உள்வாங்கியவர், “தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்பதை எல்லிஸ் 1816-இலேயே எடுத்துரைத்திருந்தும், அது பரவலாக ஏற்கப்பட்டதைக் கால்டுவெல்லின் நூலோடு இணைத்தே இவ்வாசிரியர் காண்கிறார்” என்று, யார் கூற்று என்பதும் தம் மதிப்பீடும் தெரிய எழுதுவார்.

“முன்னோர் மொழிபொருளே அன்றி அவர்மொழியும் பொன்னேபோல் போற்றுவம்” என்னும் நன்னூல் பாயிரத் தொடர், பொருளை எடுத்தாள்வதையும் சொல்லையே எடுத்தாள்வதையும் தனித்தனியே வைக்கிறது. (பழஞ்சூத்திரத்தை அப்படியே எடுத்தாண்டதற்கு நன்னூலாசிரியர் பவணந்தியார் சொல்லும் நியாயம் அது, இன்றைய மேற்கோள்குறி விதியை அதில் தேட வேண்டியதில்லை.) நாம் பெயரிட முயலும் எழுத்தில் அவர்மொழியும் முழுதாக இல்லை, மொழிபொருளும் செரிக்கப்படவில்லை. ஆகவே ‘சொன்மாற்றுரை’ என்பதை முன்வைக்கிறேன். மூலக்கருத்தைத் தம் சொற்களில் சரியாக எடுத்துரைக்கும் பாராஃபிரேசுக்குப் ‘பொருள்வழியுரை’ என்றால் இரண்டும் இணையாக நிற்கும்; ‘பொழிப்புரை’ செய்யுளுக்கே உரியதாக ஊன்றிவிட்டது.

எழுத்துத்திருட்டைத் தடுக்கும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளை வைத்து, பிறர் எழுத்தோடு மென்பொருள் காட்டும் ஒப்புமை 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் போதுமே, தனிச்சொல் எதற்கு என்று ஓர் அன்பர் கேட்டிருந்தார். பொதுவாகவோ தற்செயலாகவோ ஒத்துவரும் தொடர்களைத் தொடர்ச்சியாக 14 சொற்கள் வரை அவ்விதி கணக்கில் சேர்ப்பதில்லை. மேலே காட்டிய மூல வாக்கியம் முழுவதுமே 11 சொற்கள்தான்! வேற்றுமை உருபும் பின்னொட்டும் சொல்லோடு சேர்ந்து நிற்கும் தமிழில் அந்த எண்ணிக்கையை நம்பி இருக்க முடியாது. மென்பொருள் காட்டாததை ஆசிரியர்தாம் ஓரத்தில் குறிக்க வேண்டும்.

‘சொன்மாற்றுரை’யா, புணர்ச்சி தவிர்த்துச் ‘சொல்மாற்றுரை’யா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. வினை வடிவம் ‘சொன்மாற்றி உரைத்தல்’ என அமையும். மறுப்பிருப்பின் தெரிவியுங்கள்.

அன்புடன்.