மறு: பிராந்தியம் கடந்து மாறும் ஐபி முகவரிகள் – என்ன சொல்?

வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையை வாசித்துவருகிறேன். இணையத்தில் கணினிகளை அடையாளம் காட்டும் எண்களே ஐபி முகவரிகள்; அவற்றை வழங்கி, யாரிடம் எது இருக்கிறது என்று ஏட்டில் குறித்துவைக்கும் பிராந்திய அமைப்புகளே பதிவகங்கள். ஒரு முகவரித் தொகுதி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கோ ஒரு பதிவகத்திலிருந்து இன்னொன்றுக்கோ மாறுவதை ஆங்கிலத்தில் 'டிரான்ஸ்ஃபர்' என்கிறார்கள்; அதற்குத் தமிழில் என்ன சொல் என்பதே இங்கே கேள்வி. முகவரிப் பரிமாற்றம், முகவரி இடமாற்றம், முகவரிக் கைமாற்று, முகவரி உரிமைமாற்றம் என நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. உழைத்துச் சொன்னவர்களுக்கு நன்றி. நான்கிலும் எனக்குத் தயக்கம் உண்டு; காரணங்களைச் சொல்லிவிட்டு என் பரிந்துரையை வைக்கிறேன்.

> பரிமாற்றம் எல்லாருக்கும் தெரிந்த சொல். ஏன் புதிதாகத் தேட வேண்டும்?

தெரிந்த சொல் என்பதே இங்கே சிக்கல். தரவுப் பரிமாற்றம் என்று அது ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. "இரு நிறுவனங்களும் முகவரிகளைப் பரிமாறிக்கொண்டன" என்றால், இவர் அவருக்கும் அவர் இவருக்கும் கொடுத்ததாகவே காதில் விழும். உண்மையில் ஒருவர் கொடுக்கிறார், மற்றவர் பெறுகிறார், அவ்வளவுதான்.

கைமாற்று, திருப்பித் தருவதாகச் சொல்லி வட்டியில்லாமல் வாங்கும் கடன். முகவரிகளைக் குத்தகைக்கு விடும் வழக்கம் தனியே இருப்பதால் இந்தச் சொல் அதோடு கலந்து குழப்பும். இடமாற்றம் என்றால் எண் ஓரிடத்திலிருந்து கிளம்பி இன்னோரிடம் போவதுபோலத் தோன்றுகிறது.

உரிமைமாற்றம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் பலருக்கு அது பிடித்திருக்கிறது. 2011-இல், திவாலான கனடாவின் நார்டெல் என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்திடமிருந்து 6,66,624 முகவரிகளை மைக்ரோசாஃப்ட் 75 லட்சம் டாலருக்கு வாங்கியது. கணக்குப் போட்டால் ஒரு முகவரி 11 டாலர் 25 சென்ட். பணம் கொடுத்து வாங்கியதை உரிமை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது என்று கேட்பது நியாயமே. ஆனால் முகவரி எண் யாருடைய சொத்தும் அல்ல, கொள்கைகளுக்கு உட்பட்ட பதிவு மட்டுமே ஒருவருக்கு உண்டு என்பது பதிவகங்களின் நிலைப்பாடு. விற்பவர்களும் வாங்குபவர்களும் சொத்தாகவே நடத்துகிறார்கள். தீராத அந்த வழக்கில் நம் கலைச்சொல் தானாகப் போய் ஒரு பக்கம் நின்றுகொள்ளக் கூடாது.

சரி, உண்மையில் என்னதான் மாறுகிறது?

ஐபி முகவரிகளில் பழைய வகையான ஐபிவி4 முகவரிகள் மொத்தம் சுமார் 429 கோடி. உலக அளவில் பதிவகங்களுக்கு முகவரிகளைப் பங்கிடும் ஐயானா அமைப்பின் கையிருப்பில் கடைசியாக இருந்த ஐந்து பெருந்தொகுதிகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1 கோடியே 68 லட்சம் முகவரிகள், 2011 பிப்ரவரி 3 அன்று ஐந்து பதிவகங்களுக்கும் ஆளுக்கொன்றாகப் போயின. ஏபிநிக் (ஆசியா-பசிபிக்), ஆரின் (வட அமெரிக்கா), ரைப் என்சிசி (ஐரோப்பாவும் அதன் சுற்றுப்புறமும்), லாக்நிக் (லத்தீன் அமெரிக்கா), ஆஃப்ரிநிக் (ஆப்பிரிக்கா) ஆகியவையே அந்த ஐந்தும். ஆரினின் பொதுக் கையிருப்பு 2015 செப்டம்பரிலும் ரைப் என்சிசியின் இருப்பு 2019 நவம்பரிலும் தீர்ந்தன. அதன்பின் பெரிய தொகுதி வேண்டுமென்றால் ஏற்கெனவே வைத்திருப்பவரிடம் கேட்க வேண்டியதுதான். அவர் வேறு பதிவகத்தின்கீழ் இருந்தால் அந்தத் தொகுதியின் பதிவு ஒரு பதிவகத்தின் ஏட்டிலிருந்து நீங்கி இன்னொன்றின் ஏட்டில் ஏறுகிறது. தலைகீழ்ப் பெயர்த்தேடல் (எண்ணைக் கொண்டு பெயரைக் கண்டறிவது), வழித்தடச் சான்றிதழ் (அந்த முகவரிகளுக்கு வழி அறிவிக்க யாருக்கு அனுமதி என்று காட்டுவது) போன்றவையும் புதிய பதிவகத்தின் பொறுப்புக்கு வருகின்றன.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஒரே நிறுவனம் தன் முகவரிகளை ஒரு பதிவகத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகலாம். அப்போது கையும் மாறவில்லை, உரிமையும் மாறவில்லை. சர்வர் நின்ற இடத்தில் நிற்கிறது, ரவுட்டர் அதே வழியை அறிவிக்கிறது. மாறியது பதிவகம் மட்டுமே. மேலே சொன்ன நான்கு சொற்களும் இந்த இடத்தில் உதவாமல் போகின்றன.

ஆகவே ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல்லைத் தமிழில் இரண்டாகப் பிரித்துவிடலாம் என்கிறேன். வைத்திருப்பவர் மாறினால் *பெயர்மாற்றம்*. பதிவகம் மாறினால் *பதிவகமாற்றம்*. பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே நடக்கும்; சேராத இடத்தில் நம் சொற்கள் தெளிவாகப் பிரித்துக் காட்டும். வினையாக்கிப் பார்த்தேன்: "இந்தத் தொகுதி 2016-இல் பதிவகம் மாறியது", "பதிவகம் மாறி வந்த முகவரிகள்". நாக்கில் தடங்கல் இல்லை.

பிராந்தியம் என்பதை மண்டலம் ஆக்கலாம் என்றார் ஒரு நண்பர். இணையப் பெயர்களை எண்களோடு இணைக்கும் டிஎன்எஸ் துறையில் மண்டலத்துக்கு வேறு பொருள் நிலைத்துவிட்டது. கண்டமும் பொருந்தாது, ரைப் என்சிசியின் எல்லையில் ஐரோப்பாவோடு மேற்கு ஆசியாவும் மத்திய ஆசியாவும் வருகின்றன. பிராந்தியமே இருக்கட்டும். பதிவகமாற்றம் என்று சொல்லிவிட்டால் அந்தச் சொல்லே பெரும்பாலும் தேவைப்படாது.

> பரஸ்பரக் கொள்கை என்பதற்கு ஒப்புரவு?

அழகான சொல், ஆனால் இங்கே நேர் எதிர்ப்பொருள் தருகிறது. ஒப்புரவைக் 'கைம்மாறு வேண்டா கடப்பாடு' என்கிறது குறள். ஆரின் கேட்பதோ கைம்மாறு: நீங்கள் வெளியே விட்டால்தான் நாங்களும் விடுவோம், பெறுபவருக்கு முகவரிகள் உண்மையிலேயே தேவையா என்று சோதிக்கும் விதி உங்களிடமும் இருக்க வேண்டும். ஏபிநிக் 2011-இல் தன் விதியில் தேவை காட்டும் நிபந்தனையைத் தக்கவைத்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம். ரைப் என்சிசி அந்த நிபந்தனையைத் தனக்குள் கைவிட்டிருந்தாலும், தேவை கேட்கும் பதிவகத்திலிருந்து வரும் முகவரிகளில் பாதியையாவது 5 ஆண்டுக்குள் பயன்படுத்தும் திட்டத்தைப் பெறுபவரிடம் கேட்கிறது. ஆஃப்ரிநிக்கில் முகவரிகள் உள்ளே வரட்டும், வெளியே போக வேண்டாம் என்ற வாதம் நெடுநாள் நடந்தது. இருப்பதே குறைவு, அதையும் விலை கொண்டுபோய்விடும் என்ற அந்த அச்சத்தை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். இதையெல்லாம் *ஒருவழி*, *இருவழி* என்ற எளிய சொற்களால் சொல்லலாம். நிபந்தனைக்குத் *தேவைச்சான்று* போதும்.

இருப்பு தீர்ந்ததை 'முகவரித் தீர்வு' என்று எழுதியிருப்பதைத் தயவுசெய்து மாற்றுங்கள். தீர்வு என்றதும் விடை என்றே படிப்பார்கள். *இருப்புமுடிவு* எனலாம்.

ஒரு சொல் எனக்குப் பிடிபடவில்லை. இந்தப் பதிவகங்கள் தோன்றுமுன்பே வழங்கப்பட்ட பழைய தொகுதிகளுக்கு என்ன பெயர்? 'முன்பதிவு முகவரி' என்றால் இருக்கை பிடித்துவைத்ததுபோல் ஆகிறது. 'மரபு முகவரி' பரம்பரைச் சொத்தாக ஒலிக்கிறது. 'தொல்பதிவு' என்று எழுதிப் பார்த்தேன், தொல்லியல் வாடை வருகிறது. யாருக்காவது தோன்றினால் இதே இழையில் எழுதுங்கள்.

அன்புடன்.