கொடைக்கானல்ல வேலை, ஆதார்ல ஊர் விலாசம்: பாஸ்போர்ட்டுக்கு எதைப் போடுறது?

தவா_தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் அறந்தாங்கி பக்கம். கொடைக்கானல் நாயுடுபுரத்துல ஒரு லாட்ஜ் கிச்சன்ல ரெண்டு வருஷத்துக்கு மேலா வேலை பாக்குறேன். தங்குறது லாட்ஜுக்குப் பின்னாடி ஓனர் குடுத்த ரூம்ல. கத்தார்ல ஒரு ஓட்டல் வேலை வந்திருக்கு, பாஸ்போர்ட் கிடையாது. ஆதார், வோட்டர் ஐடி, ரேஷன் கார்டு எல்லாம் ஊர் விலாசம். கொடைக்கானல்ல என் பேர்ல ஒரு துண்டுச்சீட்டு இல்ல. பிரவுசிங் சென்டர்ல "ஊர் விலாசத்தையே போடு, மதுரையில அப்பாயின்ட்மென்ட் எடுத்துக்கலாம்"ங்கிறாங்க. மேனேஜர் "லெட்டர்ஹெட்ல எழுதித் தர்றேன், இந்த விலாசத்தையே போடு"ங்கிறார். சீசன் முடியிற வரைக்கும் லீவு கேக்க முடியாது. எது சரி?

பூம்பாறைக்காரன்:
தம்பி, நீ எங்க படுத்து எந்திரிக்கிறியோ அந்த விலாசம்தான். சான்றுக்கு ஓனர்கிட்ட வாடகை அக்ரிமென்ட் எழுதித் தரச் சொல்லிக் கேளு. ஃபாரத்துல கேக்குறது இப்போ குடியிருக்குற விலாசம். 1967 பாஸ்போர்ட் சட்டம் 12-வது பிரிவுல, தெரிஞ்சே பொய்த் தகவல் குடுத்தா ரெண்டு வருஷம் வரைக்கும் சிறை, இல்ல 5000 ரூபா வரைக்கும் அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம்னு இருக்கு. 10-வது பிரிவுப்படி பாஸ்போர்ட்டையே முடக்கலாம். உன்னைப் பயமுறுத்த இதைச் சொல்லல. வெளிநாட்டுல வேலை பாக்கப் போறவன் கையில இருக்குற ஒரே ஆவணம் அது, அதுல ஓட்டை இருக்கக்கூடாது.

எங்க வேணாலும் விண்ணப்பிக்கலாம்னு 2018-ல கொண்டுவந்தது உண்மை. ஆனா அது ஃபைலைக் குடுக்குற எடத்துக்கு மட்டும்தான். நீ மதுரையில கைரேகை வெச்சாலும், போலீஸ் விசாரணை நீ எழுதுன விலாசத்துக்குத்தான் போகும். ஸ்பீடு போஸ்ட்டும் அங்கதான் போகும்.

மணமேல்குடி_மச்சான்:
பூம்பாறை அண்ணன் சட்டம் பேசுறாரு, நான் வாழ்க்கையைப் பேசுறேன். நானும் அறந்தாங்கி பக்கந்தான், பல வருஷமா வளைகுடாவுல இருக்கேன். தம்பி, ஊர் விலாசத்தைப் போடு.

அந்த ரூம் யாரோடது? ஓனரோடது. வேலையை விட்ட அன்னைக்குச் சாவியைக் குடுத்துட்டுப் பெட்டியைத் தூக்கணும். அப்புறம் பத்து வருஷத்துக்கு உன் பாஸ்போர்ட்டுல ஒரு லாட்ஜ் விலாசம். உனக்கு வெளிநாட்டுல ஒண்ணுன்னா நம்ம அரசாங்க ஆபீஸ்காரங்க யார் வீட்டுக் கதவைத் தட்டுவாங்க? லாட்ஜ்ல மேனேஜர் மாறியிருப்பாரு, "அப்படி ஒருத்தரைத் தெரியாதே"ம்பாங்க. ஊர்ல உன் அம்மா இருக்காங்க, ஓட்டு இருக்கு, ரேஷன் கார்டு இருக்கு. அதுதான் உன் வீடு. அதை எழுதுறது எப்படிப் பொய்யாகும்?

போலீஸ் விசாரணையும் முன்ன மாதிரி இல்ல. 2018 ஜூன்லேர்ந்து அவங்க முக்கியமாப் பாக்க வேண்டியது ரெண்டே விஷயம்: நீ இந்தியக் குடிமகனா, உன் மேல கேஸ் இருக்கா. அதே வருஷம் லக்னோவுல ஒரு தம்பதியோட பாஸ்போர்ட் விவகாரம் எல்லா டிவியிலயும் வந்துச்சு. அந்தப் பொண்ணு லக்னோவுல குடியிருக்கலை, நொய்டாவுலதான் இருந்துச்சுன்னு போலீஸ் ரிப்போர்ட் குடுத்தும், புது விதிப்படி அது தடையில்லைன்னு பாஸ்போர்ட் ஆபீஸ் சொல்லிடுச்சு.

பூம்பாறைக்காரன்:
லக்னோ விவகாரம் நாடே பாத்த ஒண்ணு மச்சான். தவா தம்பிக்காக எந்த டிவி வந்து நிக்கும்?

விதி காகிதத்துல இருக்கு. நடக்குறது இதுதான். மே மாசம், ஞாயித்துக்கிழமை மத்தியானம், ஏரியிலேர்ந்து மூஞ்சிக்கல் வரைக்கும் வண்டி நகராம நிக்குது. கிச்சன்ல சாப்பாட்டு ஆர்டர் குவிஞ்சு கிடக்குது. ஊர் ஸ்டேஷன்லேர்ந்து போன்: "தம்பி, பாஸ்போர்ட் என்கொயரி வந்திருக்கு. போட்டோ, ஆதார் ஜெராக்ஸ், அக்கம்பக்கத்துல ரெண்டு பேரு, நாளைக்குக் காலையில வந்துடு." வத்தலக்குண்டு இறங்கி, மதுரையில மாறி, காரைக்குடியில மாறி அறந்தாங்கி போய்ச் சேரணும். லீவு கேட்டா மேனேஜர் முறைப்பாரு. போகலைன்னா "விலாசத்துல ஆள் இல்லை"ன்னு எழுதி அனுப்புவாங்க. அவங்க மேலயும் தப்பு சொல்ல முடியாது, ஆள் இல்லைங்கிறது உண்மைதானே. அதுக்கப்புறம் பாஸ்போர்ட் ஆபீஸ்லேர்ந்து விளக்கம் கேட்டு லெட்டர் வரும், நேர்ல போகணும், விசாரணையைத் திரும்ப அனுப்பச் சொல்லி எழுதிக் குடுக்கணும். கத்தார்க்காரன் அதுவரைக்கும் காத்துக்கிட்டு இருப்பானா?

வத்தலக்குண்டு_கணினி:
நான் பிரவுசிங் சென்டர் நடத்துறவன், எங்க தொழில்காரங்க சொன்னதுலேர்ந்தே ஆரம்பிக்கிறேன். "ஊர் விலாசத்தைப் போடு"ன்னு நாங்க சொல்றது எங்களுக்கு வேலை சுளுவா முடியும்ங்கிறதுக்காக. ஆதாரைப் பாத்து அடிச்சா போதும், வேற பேப்பர் கேக்க வேண்டாம். வர்றவருக்கு நல்லதான்னு யோசிச்சுச் சொல்றவங்க கம்மி.

மேனேஜர் லெட்டர் செல்லாது தம்பி. வேலை பாக்குற எடத்துலேர்ந்து விலாசச் சான்று குடுக்க பப்ளிக் லிமிடெட் கம்பெனிக்குத்தான் முடியும். லாட்ஜ் லெட்டர்ஹெட்டை நம்பி மலையிறங்கிப் போனா கவுண்டர்ல திருப்பிடுவாங்க.

சென்டர்ல போய்ப் போட்டாலும் உன் மொபைல் நம்பர், உன் ஈமெயில்தான் இருக்கணும். சில எடத்துல கடைக்காரர் தன்னோட ஈமெயிலைப் போட்டுடுறாரு, அப்புறம் எந்தத் தகவலும் உன் கைக்கு வராது. பாஸ்போர்ட்இந்தியா டாட் கவ் டாட் இன், இது ஒண்ணுதான் அரசாங்கத் தளம். அதே மாதிரி பேர் வெச்சுக் காசு புடுங்குற போலித் தளங்கள் நிறைய இருக்கு. 36 பக்கப் புத்தகத்துக்கு அரசாங்கக் கட்டணம் 1500 ரூபாய். அதுக்கு மேல கடையில கேக்குறது டைப்பிங் கூலி.

ஆனந்தகிரி_அக்கா:
கொடைக்கானல்ல வீடு வாடகைக்கு விடுறவ நான். வீட்டுக்காரங்க பக்கத்தை யாரும் பேசலையேன்னு வந்தேன். இங்க ஏன் யாரும் அக்ரிமென்ட் எழுத மாட்டேங்கிறாங்க தெரியுமா? ஏப்ரல், மே வந்தா அதே ரூமைத் தினவாடகைக்கு விடலாம்ங்கிற கணக்கு ஒண்ணு. பல கட்டடம், எங்க என்ன கட்டலாம்னு சொல்ற 1993 மாஸ்டர் பிளானை மீறிக் கட்டுனது, அதுக்கு மேல எந்தப் பேப்பரும் உருவாகக் கூடாதுங்கிற பயம் இன்னொண்ணு. ஐகோர்ட்டு உத்தரவுல வரிசையா சீல் வெச்சதைப் பாத்தவங்க நாங்க. அக்ரிமென்ட் கேட்டா "இஷ்டம்னா இரு, இல்லைன்னா காலி பண்ணு"ன்னுதான் பதில் வரும். ரூம் குடுத்த ஓனர்கிட்ட வேலைக்காரப் பையன் போய் நின்னு கேக்க முடியுமா, பூம்பாறை தம்பி? சொல்றது சுலபம்.

பூம்பாறைக்காரன்:
அக்கா, நீங்க சொல்ற பயம் புரியுது. ஆனா 2019-லேர்ந்து நடைமுறையில இருக்குற தமிழ்நாடு வாடகைச் சட்டத்துல, வாடகை ஒப்பந்தத்தை எழுத்துல போட்டுப் பதிவு பண்ணணும்னுதானே இருக்கு? வீட்டுக்காரங்க செய்ய வேண்டியதைச் செய்யாததுக்கு, அடுப்படியில நிக்கிற பையன் பொய் விலாசம் எழுதணுமா? இந்த மலையில ரூம் க்ளீன் பண்றவங்க, சமையல்காரங்க, டிரைவருங்க, அத்தனை பேரும் வருஷக்கணக்கா இங்க இருந்துட்டு, காகிதத்துல மட்டும் இங்க இல்லாதவங்களா இருக்காங்க. எனக்கு வயித்தெரிச்சல் அதுதான். ஒவ்வொருத்தரும் ஊர் விலாசத்தையே எழுதிட்டுப் போனா இது என்னைக்கும் மாறாது.

மணமேல்குடி_மச்சான்:
மாத்த வேண்டியதுதான் அண்ணே, நான் மறுக்கலை. ஆனா அந்தப் போராட்டத்தைத் தம்பியோட கத்தார் வேலையை வெச்சு நடத்தாதீங்க. அவனுக்கு வேலைதான் பெருசு.

சீசனுக்கு மட்டும் மலையேறி நாலு மாசம் வேலை பாத்துட்டு இறங்குறவங்க எத்தனை பேரு? அவங்களுக்கு வீடு ஊர்லதான். அவங்களையும் கொடைக்கானல் விலாசம் எழுதச் சொல்லுவீங்களா?

பூம்பாறைக்காரன்:
மாட்டேன். சீசனுக்கு வந்து போறவங்க வேற, ஊர் விலாசம்தான் அவங்களுக்குச் சரி. இந்தத் தம்பி ரெண்டு வருஷம் தாண்டி இங்கயே இருக்கான். விலாசத்துல ஒரு வருஷத்துக்கு மேல இருக்கியான்னு கேட்டா தைரியமா ஆமான்னு சொல்லலாம்.

வத்தலக்குண்டு_கணினி:
அக்ரிமென்ட் இல்லாம ஒரு வழி இருக்கு, சொல்லிடுறேன். போட்டோ ஒட்டுன பேங்க் பாஸ்புக் விலாசச் சான்றா செல்லும். அரசு பேங்க், ஷெட்யூல்டு தனியார் பேங்க், கிராம வங்கி, இதுல எதுவா இருந்தாலும் சரி, கணக்கு நடப்புல இருக்கணும். ஆதார்ல ஒரு விலாசம், இப்போ இருக்குறது வேற விலாசம்னா, பேங்க்ல நீயே உறுதிமொழி எழுதிக் குடுத்து இப்போதைய விலாசத்தைப் பதியலாம்னு 2019-லேயே விதி வந்திருக்கு. சில கிளையில தெரியாத மாதிரி பேசுவாங்க, மேனேஜரைப் பாத்துக் கேளு. சம்பளம் வர்ற கணக்கா இருந்தா இன்னும் நல்லது. பாஸ்புக்ல போட்டோ மேல பேங்க் சீல் விழுந்திருக்கான்னு பாத்துக்க.

பத்தாங்கிளாஸ் பாஸா? அப்படின்னா மார்க் ஷீட்டை மறக்காம எடுத்துட்டுப் போ. அது இல்லாம போட்டா, வேலைக்கு வெளிநாடு போக நம்ம அரசாங்க அனுமதி தேவைங்கிற (ECR) வகையில விழுந்துடும். அந்த அனுமதி தேவைப்படுற நாடுகள் பட்டியல்ல கத்தாரும் இருக்கு, வேலைக்குக் கிளம்புறப்ப தனியா அனுமதி வாங்கணும்.

தவா_தம்பி:
பத்தாங்கிளாஸ் பாஸ் அண்ணே, மார்க் ஷீட் ஊர்ல இருக்கு, தங்கச்சியை அனுப்பச் சொல்றேன். சம்பளம் பேங்க்லதான் வருது, கிளை ஏரிக்குப் பக்கத்துலயே. நாளைக்குக் காலை டிபன் முடிஞ்சதும் போய்க் கேக்குறேன். ஓனர்கிட்டயும் பேசிப் பாத்தேன். "அக்ரிமென்ட்லாம் வேண்டாம், போலீஸ் வந்தா எங்க பையன்தான்னு நானே சொல்றேன்"ன்னுட்டாரு. பேங்க்ல ஆச்சுன்னா கொடைக்கானல் விலாசம்தான் போடப்போறேன். மணமேல்குடி அண்ணன் அம்மாவைப் பத்திச் சொன்னதுதான் மனசுல நிக்குது.

மணமேல்குடி_மச்சான்:
என் மனசு மாறலை தம்பி. லாட்ஜ் விலாசம் உனக்கு நிலையான விலாசம் இல்ல. ஆனா நீ முடிவு பண்ணிட்டதால ஒண்ணு சொல்றேன். ஃபாரத்துல நிரந்தர விலாசம்னு தனியா ஒரு கட்டம் இருக்கு, அதுல அறந்தாங்கி விலாசத்தைப் போடு. இப்போதைய விலாசமும் அதுவும் ஒண்ணுதான்னு டிக் பண்ணிட்டுப் போயிடாத. அவசரத்துக்குத் தொடர்பு கொள்ள வேண்டியவர்ங்கிற எடத்துல அம்மா பேரும், தங்கச்சி போன் நம்பரும் இருக்கட்டும். அம்மா போன் எடுக்க மாட்டாங்க, நம்ம அம்மாக்கள் அப்படித்தான்.

பூம்பாறைக்காரன்:
அது சரியான யோசனை மச்சான், நான் விட்டுட்டேன்.

தம்பி, பேரை அடிக்கிறப்பவும் கவனம். இனிஷியலா ஒத்தை எழுத்து எடுக்காது, விரிச்சு எழுதணும். உன் பேரை முதல் கட்டத்துலயும் அப்பா பேரைக் குடும்பப் பேர் கட்டத்துலயும் போடு, ரெண்டாவது கட்டத்தைக் காலியா விடாத. ஒத்தைப் பேர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா கிடையாதுன்னு 2022 நவம்பர்ல ஐக்கிய அரபு அமீரகம் சொல்லிடுச்சு. இன்னைக்குக் கத்தார், நாளைக்கு துபாய்ல ஒரு இன்டர்வியூ வந்தா அங்க போய்த் தடுமாறக் கூடாது. மார்க் ஷீட்ல அப்பா பேருக்கு என்ன எழுத்து இருக்கோ, அதே எழுத்து.

தவா_தம்பி:
மார்க் ஷீட்ல அப்பா பேர்ல ஒரு எழுத்து ஆதாரோட ஒத்துப்போகலை அண்ணே. இப்பத்தான் தங்கச்சி போட்டோ அனுப்புச்சு. எதை முதல்ல திருத்தணும்?

வத்தலக்குண்டு_கணினி:
ஆதாரை. மார்க் ஷீட்டைத் தொடாத. அப்பாயின்ட்மென்ட் எடுக்குறதுக்கு முன்னாடி அதை முடிச்சுடு.