புலம்பெயர்ந்தோர் அருங்காட்சியகம் தன் தெருவின் கடைகளுக்கு என்ன செய்ய முடியும்?

சிராங்கூன்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் இந்தியக் கடைகள் நிறைந்த தேக்காவை அடுத்த தெருவொன்றில் எங்கள் குடும்பத்தினர் இரண்டு தலைமுறையாக மளிகைக் கடை நடத்தி வருகின்றனர். அருகிலேயே கேம்பல் லேனில் 2015 மே மாதம் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறது. 1819இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸுடன் வந்திறங்கிச் செங்கல் சூளை வைத்துக் கட்டட ஒப்பந்தக்காரராக உயர்ந்த நாராயண பிள்ளை, மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் (வட்டித்தொழில் நடந்த கடைவீடுகளில்) மேசைப்பெட்டிக்குப் பின்னால் சம்மணமிட்டு அமர்ந்து கடன் கொடுத்த செட்டியார்கள், சிராங்கூன் சாலையை ஒட்டி மாட்டுக் கொட்டகைகள் நிறைந்திருந்த காலம் என்று பார்த்தால், இந்நாட்டு இந்தியர் வரலாற்றில் கணிசமான பகுதி வணிகத்தின் வரலாறுதான். அந்த வணிகத்தின் வாரிசுகளான பூக்கடைகளும் மாவு மில்களும் நகைக்கடைகளும் சில அடி தொலைவில் இன்றும் நடந்துகொண்டிருக்கின்றன.

எங்கள் தெரு வணிகர்கள் கூடிப் பேசும்போது அடிக்கடி எழும் கேள்வி இது: குடியேறிகளின் மரபைச் சொல்லும் அருங்காட்சியகமும், அதே மரபில் பிழைக்கும் கடைகளும் ஒன்றுக்கொன்று கைகொடுப்பதற்கு நடைமுறையில் என்ன வழி? திருவிழாக் கால ஒளியூட்டு, பொங்கல் சந்தை போன்றவற்றைக் கடைக்காரர் சங்கமான லிஷா பல ஆண்டுகளாகச் செய்து வருகிறது. நான் கேட்பது ஆண்டு முழுவதற்குமான ஏற்பாட்டைப் பற்றி. வேறு நாடுகளில் இத்தகைய இடங்களை நேரில் அறிந்தவர்கள் விரிவாக எழுதினால், எங்கள் அடுத்த கூட்டத்தில் அவற்றைப் படித்துக்காட்ட விரும்புகிறேன்.

மேற்குக்கரை

வணக்கம். நான் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வசிக்கிறேன். இங்கு சைனாடவுன் பகுதியில் உள்ள விங் லூக் அருங்காட்சியகத்தை உங்கள் கூட்டத்தில் தவறாமல் எடுத்துச் சொல்லுங்கள். நான் அறிந்தவற்றுள் உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான விடை அதுவே.

சீனாவில் பிறந்து சிறுவனாக இந்நகருக்கு வந்த விங் லூக், 1962இல் நகர மன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1965இல் விமான விபத்தில் இறந்தார். சைனாடவுனின் பழைய வாழ்க்கை கண்முன்னே மறைந்து வருகிறது, அதற்கோர் அருங்காட்சியகம் வேண்டும் என்று அவர் சொல்லிவந்ததை நினைவில் கொண்டு, அவர் பெயரால் 1967இல் ஒரு சிறிய கடையறையில் அது தொடங்கப்பட்டது. 2008 முதல் கிழக்குக் காங் யிக் கட்டடத்தில் இயங்குகிறது. அந்தக் கட்டடத்தின் கதையை மட்டும் சற்று விரித்துச் சொல்லிவிடுகிறேன்.

சீனத் தொழிலாளர் அமெரிக்காவுக்குள் வருவதை 1882இல் ஒரு சட்டம் தடுத்தது. 1886இல் இதே சியாட்டிலில் ஒரு கும்பல் சீனர்களை வீடுகளிலிருந்து வெளியேற்றித் துறைமுகத்துக்கு ஓட்டிச் சென்றது. அதற்குப் பின்னும் இங்கே வேரூன்றியே தீர்வது என்று உறுதிகொண்ட சீனக் குடியேறிகள் 170 பேர், ஆளுக்குக் கொஞ்சமாகப் பணம் போட்டு 1910இல் எழுப்பியதுதான் அந்தக் கட்டடம். கீழ்த்தளத்தில் கடைகள், மேல்தளங்களில் ஓர் ஆள் மட்டும் படுக்கக்கூடிய சிற்றறைகள். அலாஸ்காவின் மீன் பதப்படுத்தும் ஆலைகளுக்குப் பருவந்தோறும் போய்வந்த சீன, ஜப்பானிய, ஃபிலிப்பினோ தொழிலாளர்கள் அந்த அறைகளில் தங்கினார்கள். ஊர்ப் பெயராலும் குலப் பெயராலும் அமைந்த சங்கங்களும் அங்கேயே கூடின. ஆகவே முதலீடு, வாடகை, உறவு, வழிபாடு ஆகிய எல்லாம் ஒரே கூரையின்கீழ் நடந்தன.

அந்தக் கீழ்த்தளக் கடைகளுள் ஒன்றான யிக் ஃபங், சீனச் சரக்குகளை இறக்குமதி செய்து விற்றதோடு கப்பல் நிறுவனத்தின் முகவராகவும் இருந்தது. அக்கடை இன்று அலமாரிகளும் சரக்குமாக அருங்காட்சியகத்துக்குள்ளேயே பாதுகாக்கப்படுகிறது. வழிகாட்டியோடுதான் உள்ளே போக முடியும். புதிதாக வந்திறங்கியவர் அரிசியும் உலர்ந்த மீனும் வாங்க வந்த இடத்திலேயே ஊர்ச் செய்தியையும் வேலைக்கான வழியையும் கேட்டறிந்தார் என்பதை, எழுத்துப் பலகை எதுவும் இல்லாமலே அந்தக் கல்லாவின் முன் நிற்கும்போது உணர முடிகிறது. உங்கள் குடும்பத்து மளிகைக் கடைக்கும் இப்படியொரு வரலாறு இருக்கும் என்று நம்புகிறேன்.

நீங்கள் கேட்ட நடைமுறைக்கு வருகிறேன். முதலாவது, இந்த அருங்காட்சியகம் தன் பார்வையாளரைக் கட்டடத்துக்குள்ளேயே வைத்துக்கொள்வதில்லை. தன் வழிகாட்டிகளைக் கொண்டு சைனாடவுன் தெருக்களுக்கு நடைப்பயணங்கள் நடத்துகிறது. அவற்றுள் உணவுக்கடைகளுக்கென்றே அமைந்தவையும் உண்டு. 1935இல் தொடங்கி இன்றும் நடக்கும் டாய் டங் உணவகத்துக்கு புரூஸ் லீ வாடிக்கையாளராக இருந்தார் என்பதால், அருங்காட்சியகத்தில் அவரைப் பற்றிய கண்காட்சியைப் பார்த்தவர்கள் அங்கே சாப்பிடவும் போகிறார்கள். இரண்டாவதுதான் எனக்கு முதன்மையாகப் படுகிறது. 1991 முதல் இயக்குநராக இருந்த ரான் சூ, அருங்காட்சியகத் துறையில் பயின்றவரல்லர். அப்பகுதிச் செய்தித்தாளில் பணியாற்றிய பத்திரிகையாளர். ஒவ்வொரு கண்காட்சிக்கும் அச்சமூகத்தவரையே குழுவாக அமைத்து, எதைக் காட்டுவது, எப்படிச் சொல்வது என்ற முடிவை அவர்களிடமே விடும் முறையை அவர் நிலைபெறச் செய்தார். வணிகர்களை நேர்காணல் கண்டுவிட்டுப் போவதோடு நில்லாமல், அவர்களை முடிவெடுக்கும் மேசையில் உட்காரவைக்க வேண்டும். உங்கள் சங்கம் ஒன்றே ஒன்றைக் கேட்டுப் பெற முடியும் என்றால் இதைக் கேளுங்கள்.

ஆர்ச்சர்டு தெரு

மேலே எழுதிய நண்பரோடு உடன்படுகிறேன். நியூயார்க்கின் டெனமென்ட் அருங்காட்சியகத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். 97, ஆர்ச்சர்டு தெருவில் 1863இல் லூகாஸ் கிளாக்னர் என்ற ஜெர்மானியத் தையற்காரர் கட்டிய குடியிருப்பு அது. இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்த ஏறத்தாழ 7,000 பேர் அங்கு வாழ்ந்ததாகக் கணக்கிடுகிறார்கள். தீப்பாதுகாப்பு விதிகளின்படி கட்டடத்தைத் திருத்தியமைக்கச் செலவழிக்க விரும்பாத உரிமையாளர் 1935இல் மாடிக் குடித்தனங்களை வெளியேற்றினார்; தெருவை ஒட்டிய கடைகள் மட்டும் தொடர்ந்து இயங்கின. 1988இல் அருங்காட்சியகத்தை நிறுவியவர்கள் கண்டபோது, பல்லாண்டுகளாகப் பூட்டிக் கிடந்த அறைகள் சுவர்த்தாள் உரிந்த நிலையில் அப்படியே இருந்தன.

தொடக்கத்தில் குடும்பங்களின் வீடுகளையே மீட்டமைத்தார்கள். கடைகளின் கதையைச் சொல்லும் பகுதி 2012இல்தான் வந்தது. ஜான் ஷ்னைடர், கரோலின் ஷ்னைடர் என்ற ஜெர்மானியத் தம்பதி 1864 முதல் அங்கு பீர்க்கடை நடத்தினார்கள். முன்புறம் ஜான் பீர் ஊற்ற, பின்கட்டில் கரோலின் சமைக்க, சங்கக் கூட்டங்களும் இசையும் அரசியல் பேச்சும் அங்கேயே நடந்தன. அந்தக் கடையை மேசை நாற்காலிகளோடு மீண்டும் அமைத்திருக்கிறார்கள். பின்னாளில் அதே அடித்தளத்தில் யூத இறைச்சிக் கடையும் 1930களில் ஏலக்கடையும் 1970களில் உள்ளாடைக் கடையும் இருந்தன. ஒரே கடையறையில் அடுத்தடுத்து வந்த குடியேறிகளின் பிழைப்பைப் பார்க்கும்போது, வணிகத்தைப் பண்பாட்டின் ஓரத்தில் வைத்துப் பேசும் நம் பழக்கம் எவ்வளவு பிழையானது என்பது தெரிகிறது. கோயிலையும் நடனத்தையும் மரபு என்று ஏற்றுக்கொள்ளும் நாம், கணக்கேட்டையும் தராசையும் அவ்வாறு எண்ணிப் பார்ப்பதில்லை. உங்கள் கடைகளில் பழைய பேரேடுகளும் விலைப்பட்டியல்களும் சரக்குப் பெட்டிகளின் முத்திரைகளும் இருந்தால் தயவுசெய்து தூக்கி எறியாதீர்கள்.

நெடுந்தூரம்

இங்கே எழுதப்பட்ட நல்ல எடுத்துக்காட்டுகளை நான் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் கூட்டத்தில் மறுபக்கமும் பேசப்பட வேண்டும்.

நியூயார்க் சைனாடவுனில் உள்ள அமெரிக்கச் சீனர் அருங்காட்சியகம், 1980இல் ஒரு வரலாற்றுத் திட்டமாகத் தொடங்கிற்று. கடைகள் மூடப்படும்போது குப்பைக்குப் போகவிருந்த பெயர்ப்பலகைகளையும் சலவைக்கடைப் பொருட்களையும் காப்பாற்றியதே அதன் முதல் பணி. அப்படிப் பிறந்த நிறுவனத்தின் வாசலிலேயே 2021இல் சைனாடவுன்வாசிகள் மறியல் செய்தார்கள். அப்பகுதியில் புதிய சிறை கட்ட நகர நிர்வாகம் முடிவெடுத்தபோது, சமூகத்துக்கான ஈடாக அறிவிக்கப்பட்ட உதவிகளில் 3.5 கோடி டாலர் அருங்காட்சியகத்துக்கு ஒதுக்கப்பட்டது. சிறையைத் தாங்கள் எதிர்ப்பதாகவே அருங்காட்சியகம் கூறியது. போராடியவர்கள் அதை ஏற்கவில்லை. அதோடு, ஜிங் ஃபாங் என்ற பேருணவகம் தன் பழைய இடத்தை மூடியபோது அதன் கட்டட உரிமையாளரே அருங்காட்சியக வாரியத்தின் இணைத் தலைவராகவும் இருந்தது, வேலையிழந்த பணியாளரிடையே கசப்பை மேலும் வளர்த்தது.

லாஸ் ஏஞ்சலிஸின் லிட்டில் டோக்கியோவில் 1992இல் திறக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கர் தேசிய அருங்காட்சியகம் மிகுந்த மதிப்புக்குரியது. வணிகர்களும் போர் வீரர்களும் சேர்ந்து உருவாக்கியது. 1942இல், போர்க்காலத்தில், ஜப்பானிய வம்சாவளியினர் தடுப்பு முகாம்களுக்குப் பேருந்தேற்றப்பட்ட இடத்திலேயே அது நிற்கிறது. 1903 முதல் மோச்சி என்ற அரிசிமாவு இனிப்பு செய்யும் ஃபுகெட்சுடோ கடையும் அதே தெருவில் இருக்கிறது. இவ்வளவு இருந்தும், பழைய கடைகள் இடம் இழப்பதைக் காரணமாகக் காட்டி, அமெரிக்காவில் பெரிதும் ஆபத்துக்குள்ளான வரலாற்று இடங்களின் பட்டியலில் 2024இல் லிட்டில் டோக்கியோ சேர்க்கப்பட்டது. அருங்காட்சியகம் கூட்டத்தைக் கொண்டுவரும். வாடகை ஒப்பந்தத்தை அதனால் புதுப்பித்துத் தர முடியாது. சியாட்டிலின் அந்த 170 பேர் கட்டடத்துக்கே உரிமையாளராக இருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

சிராங்கூன்வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எங்கள் பாட்டனார் காலத்துப் பேரேடுகள் பரணில் இருக்கின்றன. அவற்றை இறக்கிப் பார்க்கப் போகிறேன். ஒரு துணைக்கேள்வி: நடைப்பயணமாக வருபவர்கள் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், வியாபாரத்துக்கு இடைஞ்சல்தான் மிச்சம் என்று சில கடைக்காரர்கள் அஞ்சுகிறார்கள். இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

ஏரிக்கரை

மிச்சிகன் மாநிலத்தில் டியர்பார்ன் நகரத்து அனுபவத்தைச் சொல்கிறேன். அங்குள்ள அரபு அமெரிக்கர் தேசிய அருங்காட்சியகம் 2005இல் திறக்கப்பட்டது. அதை நிறுவியது, அரபுக் குடியேறிகளுக்கு உதவுவதற்காக 1971இல் ஒரு கடையறையில் தொடங்கிய ஆக்சஸ் என்ற சமூக நல அமைப்பு. 'யல்லா ஈட்' என்ற பெயரில் அருங்காட்சியகம் நடத்தும் உணவு நடைப்பயணம், ரொட்டிச் சூளை, பலகாரக் கடை, மளிகைக் கடை என்று அரபுக் கடைகளின் ஊடாகவே செல்கிறது. பங்கேற்பவர் கட்டணச் சீட்டு வாங்கித்தான் வர வேண்டும். ஒவ்வொரு கடையிலும் எதையாவது சுவைத்துப் பார்க்கிறார். குழு சிறியது, நேரம் முன்கூட்டியே பேசி வைத்தது என்பதால் கடைக்காரரும் ஆயத்தமாக இருக்கிறார்.

உங்கள் தெருவுக்கு என் யோசனை: கூட்டம் குறைவான வாரநாள் முற்பகலைத் தேர்ந்தெடுங்கள். விருப்பமுள்ள நான்கைந்து கடைகள் மட்டும் முதலில் சேரட்டும். வந்தவர்களுக்குக் கொடுக்கும் மாதிரிப் பொருளின் விலை கட்டணத்திலிருந்து கடைக்கு வந்துசேர வேண்டும் என்பதை எழுத்தில் பேசி முடியுங்கள். பூக்கட்டுபவர் கைவேலையைக் காட்டுகிறார் என்றால், அந்த நேரத்துக்கும் கூலி உண்டு. பரணில் இருக்கும் பேரேடுகளை மரபுடைமை நிலையத்தாரிடம் காட்டுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்துச் சங்கத்தில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். கடன் வாங்கியோர் பெயர்கள் அதில் இருக்கும், அந்தக் குடும்பங்களைக் கேட்காமல் அவற்றைக் காட்சிக்கு வைக்க வேண்டாம்.